தங்கவயல் மண்மேடுகள்: ஏலத்துக்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

2025 அக்டோபரில் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை அவுன்சுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. சென்னையில் ஒரு பவுன் 90,000 ரூபாயை எட்டியது. பெண்ணைப் பெற்றவர்கள் கலங்கினார்கள். பெட்டியில் நகை வைத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். அதே நாட்களில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் காலை ரயில்களில் கூட்டம் வழக்கம்போல் நிரம்பி வழிந்தது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் சாப்பாட்டுப் பையோடு ஏறியவர்கள் காவலாளிகள், கடைச் சிப்பந்திகள், துணி ஆலைத் தொழிலாளிகள், கட்டட வேலைக்காரர்கள். இவர்களில் பெரும்பாலோரின் தகப்பனோ பாட்டனோ தங்கம் வெட்டியவர்.

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இந்தக் கிளைப்பாதை 1894-ல் தங்கச் சுரங்கத்துக்காகவே போடப்பட்டது. எந்திரமும் நிலக்கரியும் ஆட்களும் அதன் வழியே உள்ளே வந்தனர். தங்கம் வெளியே போயிற்று. இன்று அதே பாதையில் உழைப்பு மட்டும் காலையில் வெளியே போய் இரவில் வீடு திரும்புகிறது. சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28-ந் தேதி. அது விட்டுச்சென்ற மண்மேடுகளில் இன்னும் தங்கம் இருக்கிறது என்றும், அவற்றை ஏலத்தில் விடலாம் என்றும் இப்போது பேச்சு நடக்கிறது. அந்தத் தங்கத்தில் தங்கவயலுக்கு என்ன பங்கு என்பதை ஏலத்துக்கு முன்பே தீர்மானிக்காவிட்டால், பழைய கதையே மறுபடியும் நடக்கும்.

அழியாத பொருள்

தங்கத்துக்கு ஏன் இந்த மதிப்பு? அது அழகாக இருப்பது மட்டும் காரணமல்ல. இரும்பு துருப்பிடிக்கும், செம்பு களிம்பேறும், வெள்ளி கறுக்கும். தங்கம் காற்றாலும் நீராலும் மாறுவதில்லை. எந்தத் தனி அமிலமும் எளிதில் கரைக்க முடியாத அந்த உலோகத்தை, நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜதிராவகம் கரைக்கிறது. தண்ணீரைப்போல் 19.3 மடங்கு கனம். 1,064 டிகிரி வெப்பத்தில் உருகும். ஒரு கிராமைத் தட்டினால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தகடாக விரியும். கம்பியாக இழுத்தால் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும்.

சுத்தத் தங்கம் மிக மென்மையானது, நகைக்குத் தாங்காது. ஆகவே 24 பங்கில் 22 பங்கு தங்கம், 2 பங்கு செம்போ வெள்ளியோ சேர்க்கிறார்கள். ஆயிரத்துக்கு 916 என்ற முத்திரையின் பொருள் இதுதான். நம் வீடுகளில் புழங்கும் பவுன் என்ற சொல்லும் பிரிட்டனின் ஒரு பவுன் பொன் நாணயத்திலிருந்து வந்ததே. சவரன் எனப்படும் அந்த நாணயமும் 22 காரட், எடை 7.988 கிராம். அதையே நாம் 8 கிராம் என்று வைத்துக்கொண்டோம்.

அழியாத பொருளாதலால் வெட்டியெடுத்த தங்கத்தில் பெரும்பகுதி உலகில் எங்கோ இருந்துகொண்டே இருக்கிறது. இதுவரை மனிதன் எடுத்த தங்கம் 2 லட்சம் டன்னுக்குச் சற்று அதிகம் என்று கணக்கிடுகிறார்கள். அதில் கோலார் தங்கவயல் தந்தது சுமார் 800 டன். அத்தனையையும் உருக்கி அடுக்கினால் 12 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஓர் அறைக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். 120 ஆண்டு உழைப்பு ஒரே அறையில் முடிந்துவிடுகிறது. ரிசர்வ் வங்கி 2025 மார்ச் முடிவில் வைத்திருந்த தங்கம் 879 டன் சொச்சம். தங்கவயல் என்ற ஒரே ஊர் அதற்கு ஒப்பான தங்கத்தைப் பூமியிலிருந்து எடுத்திருக்கிறது.

இருட்டுக்குள் ஒரு நூற்றாண்டு

அங்கே பொன் கிடைக்கிறது என்பது சுற்றுவட்டாரத்துக் கிராமத்தாருக்குத் தெரிந்தே இருந்தது. மண்ணைக் கழுவிப் பொன் துகள் எடுப்பவர்கள் இருந்தார்கள். 1802-ல் அங்கு வந்த லெப்டினென்ட் ஜான் வாரன் அதைப் பார்த்து எழுதிவைத்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, பெங்களூரில் குடியேறியிருந்த லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் சுரங்கம் தோண்ட மைசூர் அரசிடம் உரிமை பெற்றார். அவருக்குப் பணம் போதவில்லை. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகே வேலை சூடு பிடித்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வளர்ந்தன.

ஆட்கள் வட ஆர்க்காட்டிலிருந்தும் தென் ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தார்கள். பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் பயந்து வந்தவர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் கிடைக்காத ரொக்கக் கூலி இங்கே கிடைத்தது. அதற்கு விலையும் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். உள்ளே இருந்தவர்கள் அப்படியே புதைந்தார்கள். தப்பியவர்களின் நுரையீரலில் பாறைத் தூள் படிந்து சிலிக்கோசிஸ் நோய் வந்தது. இந்தியாவில் அந்த நோயை மருத்துவர்கள் முதன்முதலில் கண்டறிந்த இடங்களில் தங்கவயலும் ஒன்று.

1902-ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905-ல்தான். தலைநகருக்கு முன்பே வெளிச்சம் பெற்ற ஊர் என்று தங்கவயல்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த மின்சாரம் முதலில் வந்தது எந்திரத்துக்கு. தொழிலாளியின் தட்டி வீட்டுக்கு அல்ல.

ஒரே தங்கம், இரண்டு விலை

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. 1962-ல் அவை மத்திய அரசிடம் போயின. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. சுரங்கம் நஷ்டத்தில் நடக்கிறது என்ற பேச்சு அதற்கு முன்பே கிளம்பியிருந்தது.

அந்த நஷ்டம் எப்படி வந்தது என்பது கவனிக்கத்தக்கது. அப்போது உலகில் தங்கத்துக்கு ஓர் அதிகாரபூர்வ விலை இருந்தது: அவுன்சுக்கு 35 டாலர். நம் பணத்தில் 10 கிராமுக்கு 53 ரூபாய் 58 காசு. 1966-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு 84 ரூபாய் 39 காசு. தங்கவயலின் தங்கத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது இந்த விலைக்குத்தான். அது அரசின் கையிருப்பில் சேர்ந்தது. ஆனால் 1970-ஐ ஒட்டிப் பம்பாய்ச் சந்தையில் 10 கிராம் 180 ரூபாய்க்கு மேல் விற்றது. கடைவீதியில் இரண்டு மடங்கு விலை பெறும் பொருளைப் பாதி விலைக்குக் கொடுத்த நிறுவனத்தின் கணக்கில் நஷ்டம் விழாமல் என்ன செய்யும்?

அரசுக்கும் காரணம் இருந்தது. அன்னியச் செலாவணி நெருக்கடி. 1962-ல் சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக்கூடாது என்றார்கள். பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்தார்கள். மக்கள் தங்க ஆசையை விடவில்லை, கடத்தல்காரன்தான் கொழுத்தான். 1968-ல் தனிச் சட்டமாகவே வந்த கட்டுப்பாடு 1990-ல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1991 ஜூலையில், 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்து 40 கோடி டாலர் வாங்கிச் சமாளித்தது இந்தியா. அதற்குச் சில வாரங்கள் முன்பு 20 டன் ஸ்விட்சர்லாந்துக்குப் போயிருந்தது. குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தால் தாலிக்கொடி அடகுக்குப் போவதுபோல நாட்டுக்கும் நடந்தது. அந்தக் கையிருப்பில் தங்கவயல் தொழிலாளியின் உழைப்பும் இருந்தது என்பதை அன்று யாரும் பேசவில்லை.

அதிகார விலை 1971 ஆகஸ்ட் 15-ல் செத்தது. டாலருக்குத் தங்கம் தர முடியாது என்று அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் கையை விரித்துவிட்டார். அதன்பின் விலை சந்தையின் போக்கில் போயிற்று. 1980 ஜனவரியில் 850 டாலர்; பிறகு இருபது ஆண்டு இறங்குமுகம். 2001-ன் தொடக்கத்தில் அவுன்சு 270 டாலருக்கும் கீழே கிடந்தது. இந்தியாவில் 10 கிராம் 4,500 ரூபாய்க்கும் குறைவு. சுரங்கத்தை மூடியது அந்த நேரத்தில்தான். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

விலை ஒன்று மட்டுமே சுரங்கத்தைக் கொன்றது என்று சொல்வதும் நியாயமாகாது. ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் அது 4 கிராமுக்கும் கீழே போய்விட்டது. இரண்டு மைல் ஆழத்துக்குக் காற்றும் ஆளும் இறக்கி, பாறையும் தண்ணீரும் மேலே ஏற்றும் செலவு விற்பனை விலையைப்போல் பல மடங்கு. மூடிய பிறகு சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பிவிட்டது. ஆகவே தங்கம் விலை ஏறியதைப் பார்த்து, பழைய சுரங்கங்கள் நாளையே திறந்துவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை. ஆனால் மண்மேடுகளின் விஷயம் வேறு.

மேட்டில் கிடக்கும் பொன்

பாறையை மாவுபோல் அரைத்து, சயனைடு கலந்த நீரை ஊற்றினால், காற்றின் உதவியோடு தங்கம் அதில் கரையும். பிறகு துத்தநாகத்தைச் சேர்த்துத் தங்கத்தைப் பிரித்துவிடலாம். 1887-ல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த முறை தங்கவயலுக்கும் வந்தது. தங்கம் போன பிறகு மிஞ்சிய பாறை மாவைக் கொட்டிக் கொட்டி எழுந்தவைதான் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள். அந்தக் காலத்து முறையில் கடைசித் துகள் வரை பிரிக்க முடியவில்லை. மண்ணிலேயே கொஞ்சம் தங்கிவிட்டது.

13 மேடுகள், ஏறத்தாழ 1,000 ஏக்கர், 3 கோடியே 30 லட்சம் டன் மண். அதில் 23 டன் அளவுக்குத் தங்கம் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது ஒரு டன் மண்ணுக்கு முக்கால் கிராமுக்கும் சற்றுக் குறைவு. பத்து டன் ஏற்றிய ஒரு லாரி மண்ணை முழுக்கச் சலித்தால் ஏறத்தாழ ஒரு பவுனுக்கு உண்டான தங்கம். 2001-ல் அந்தப் பவுனுக்கு 3,500 ரூபாய்கூடத் தேறாது. லாரி வாடகைக்கும் மருந்துச் செலவுக்குமே சரியாகப் போய்விடும். பவுன் 90,000 விற்கும்போது கணக்கு தலைகீழாக மாறிவிடுகிறது. இத்தனைக்கும் இந்த மண்ணை எடுக்க யாரும் பாதாளத்தில் இறங்க வேண்டியதில்லை. பாறையைப் புதிதாக உடைக்கவும் வேண்டியதில்லை. எல்லாம் தொழிலாளிகள் எப்போதோ செய்து வைத்துவிட்ட வேலை.

2006-ல் மத்திய அமைச்சரவை சுரங்கச் சொத்துகளை உலகளாவிய டெண்டரில் விட முடிவு செய்தது. தாங்களே எடுத்து நடத்துவதாகத் தொழிலாளர் தரப்பு முன்வந்தது. வழக்கு நடந்தது, 2013-ல் உச்ச நீதிமன்றம் டெண்டருக்கு வழிவிட்டது. பிறகும் காரியம் நகரவில்லை. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை 13 மேடுகளிலும் மண் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு ஒப்புதல் தந்தது. மாநிலத்துக்குச் சேரவேண்டிய பாக்கியை நிறுவனம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. தன் பாக்கியை மாநிலம் கேட்டது சரியே. ஊரின் பாக்கியை யார் கேட்பது?

பங்கு எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 23 டன் தங்கம் முழுவதும் கிடைத்தால், அவுன்சு 4,000 டாலர் என்ற கணக்கில் 26,000 கோடி ரூபாய். முழுவதும் கிடைக்காது என்பது வேறு விஷயம். தங்கத்துக்கு ராயல்டி, 2014-ல் நிர்ணயித்தபடி, உலகச் சந்தை விலையில் 4 சதவீதம். அது மாநில அரசுக்கு. 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் நன்மைக்காக மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். ஏலத்தில் எடுத்தவர்கள் ராயல்டி தொகையில் பத்தில் ஒரு பங்குக்குச் சமமான தொகையை அதற்குத் தர வேண்டும். இதே விகிதம் மண்மேடுகளுக்கும் பொருந்துமானால், 26,000 கோடியில் அறக்கட்டளைக்கு வருவது சுமார் 100 கோடி. நூறு ரூபாய்க்கு 40 காசு. அதுவும் தங்கவயலுக்கு மட்டுமல்ல, மாவட்டத்துக்கு. அதுவும் ஒரே தடவையில் அல்ல. மண் எடுக்கும் ஆண்டுகள் முழுவதற்குமாக.

ஏலத்தில் கேட்கும் கூடுதல் தொகை மாநிலக் கருவூலத்துக்குப் போகும். லாபம் எடுப்பவருக்கு. தூசு மட்டும் முழுமையாக ஊருக்கு. கோடைக்காற்றில் இப்போதே அந்த மாவு ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை வீடுகளுக்குள் புகுந்து சோற்றுப் பானையில் படிகிறது. மேட்டைக் கிளறி லாரியில் அள்ளத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சலித்து முடித்த மண்ணும் காணாமல் போகாது. வேறோர் இடத்தில் மேடாக நிற்கும்.

ஆகவே ஏல நிபந்தனைகளிலேயே சில விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். முதலாவது, மண்ணை நனைத்தே அள்ளுதல், மிஞ்சும் மண்ணை மூடிப் புல் வளர்த்தல், சயனைடு நீர் கிணறுகளில் இறங்காமல் காத்தல். இரண்டாவது, வேலையில் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு முன்னுரிமை. மூன்றாவது, லைன் வீடுகளில் குடியிருப்போர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் உரிமைப் பத்திரம். மண்மேட்டுக்கு உரிமையாளர் யார் என்று முடிவு செய்யும் அதே கையெழுத்தில் அதையும் முடிக்கலாம். நான்காவது, வருமானத்தில் தங்கவயல் நகரத்துக்கென்று தனிப் பங்கு. அது விலையோடு சேர்ந்து ஏறுமாறு சதவீதமாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட தொகையாக அல்ல. 84 ரூபாய் 39 காசு கற்றுக்கொடுத்த பாடம் அதுதான். விலையைக் காகிதத்தில் கட்டிப்போட்டுவிட்டால், ஏற்றம் முழுவதும் வேறொருவர் பெட்டிக்குப் போய்விடும்.

தங்கத்தின் குணம் ஒன்று உண்டு. வைத்திருக்க முடிந்தவனுக்கு அது வளரும். விற்றே ஆகவேண்டியவனுக்கு வளராது. கையில் நாலு பவுன் உள்ள குடும்பம் பிள்ளையின் படிப்புக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அதை அடகு வைத்து மீட்கிறது. 800 டன் எடுத்துக் கொடுத்த ஊருக்கு மிஞ்சியிருக்கும் நகை இந்த மண்மேடு ஒன்றுதான். அதையும் மற்றவர்கள் எடைபோட்டு எடுத்துச் செல்லும்போது, ஊர்க்காரர்கள் பெங்களூர் ரயிலில் சீசன் டிக்கெட்டோடு நின்றுகொண்டிருக்கக் கூடாது. மத்திய, மாநில அரசுகள் ஏல அறிவிப்பை வெளியிடும் முன் தங்கவயல் மக்களை அழைத்துப் பேசுவதில் என்ன தடை?